9 அங்குலக் கனத்துக்கு எவ்வளவு உயரம்? விழுந்த சுற்றுச்சுவரைக் கணக்குப்படி எழுப்பிய அனுபவம்

வடக்குப் பக்கச் சுற்றுச்சுவர் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிவிட்டது. மழை ஓய்ந்ததும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகவே இருக்கிறது. இரண்டு தூணில் மட்டும் 2 மில்லிமீட்டர் விலகல். அது கட்டி முடித்தபோதே இருந்ததுதான். புதிய சுவர் அசையவில்லை என்று தெரிந்த பிறகு எழுதுவதே சரி என்று காத்திருந்தேன்.

எங்கள் மனை திருச்சிக்கு வெளியே, வயலை ஒட்டி இருக்கிறது. வடக்குப் பக்கம் 60 அடி நீளம். பழைய சுவர் நம்மூரில் எங்கும் பார்க்கிற மாதிரிதான்: நாலரை அங்குலக் கனம், 6 அடி உயரம், 12 அடிக்கு ஒரு 9 அங்குலத் தூண். கோடை மழைக்கு முன்னால் அடித்த காற்றில் இரண்டு தூணுக்கு இடைப்பட்ட பகுதி அப்படியே வெளிப்பக்கப் பாதையில் சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற பாதை அது. அந்த நேரத்தில் யாரும் இல்லை. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் பக்கம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்துபோனார்கள். வீட்டுச் சுவரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிற நாம் சுற்றுச்சுவரை மட்டும் கொத்தனார் கணக்குக்கே விட்டுவிடுகிறோம்.

இடிபாட்டை அள்ளுவதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தேன். மூன்று விஷயம் தெரிந்தது. முதலாவது, கல்லில் கலவை ஒட்டியே இருக்கவில்லை. கலவை ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் எனச் சுத்தமாகப் பிரிந்திருந்தது. கல்லின் முகத்தில் சூளைச் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. கல்லை நனைக்காமல் கட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, தூணைத் தனியாக முதலில் எழுப்பிவிட்டு அப்புறம் சுவரைக் கொண்டுவந்து முட்டவிட்டிருக்கிறார்கள். சுவருக்கும் தூணுக்கும் ஒரு கல்கூடக் கோத்திருக்கவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். இந்த இரண்டும் ஒழுங்காக இருந்திருந்தாலும் அந்தச் சுவர் அந்த உயரத்துக்கு நின்றிருக்கக் கூடாது.

அதை எங்கே தெரிந்துகொண்டேன் என்றால், ஐ.எஸ். 1905. செங்கல், கருங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரம், 1987 பதிப்பு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இலும் ஆறாம் பாகத்தில் நான்காம் பிரிவு கட்டுமானச் சுவர்களுக்கானதுதான். அதில் கூரையைத் தாங்கும் சுவருக்கு ஒரு கணக்கு, தனியாக நிற்கும் சுவருக்கு வேறு கணக்கு. கூரைச் சுவரில் மேலே தளம் பிடித்துக்கொள்கிறது. அதனால் சிமென்ட் கலவையில் கட்டினால் உயரத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதம் 27 வரை போகலாம். சுற்றுச்சுவருக்கு மேலே பிடிக்க ஆள் இல்லை. அதற்கு விதி ஒரு சின்ன அட்டவணை தருகிறது: காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 285 நியூட்டன் வரை என்றால் உயரம் கனத்தைப் போல 10 மடங்கு, 575 என்றால் 7 மடங்கு, 860 என்றால் 5, 1150 என்றால் 4. இடைப்பட்ட எண்ணுக்கு விகிதப்படி பிரித்துக்கொள்ளலாம். உயரத்தைத் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இருந்து அளக்க வேண்டும். அஸ்திவாரத்தின் மேல்மட்டம் அதற்கும் மேலே இருந்தால் அங்கிருந்து.

காற்றுக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம். திருச்சிக்கு அடிப்படை வேகம் வினாடிக்கு 47 மீட்டர். சுற்றுச்சுவரை அது குறைந்த ஆயுள் உள்ள கட்டுமானமாக எடுத்துக்கொண்டு 0.71 என்ற குணகம் தருகிறது. எங்கள் வடக்கில் தடுப்பே இல்லாத வயல் என்பதால் வேறு கழிவு எதுவும் எடுக்கவில்லை. 47-ஐ 0.71-ஆல் பெருக்கினால் 33.37, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் 668 நியூட்டன். அட்டவணையில் அதற்கு 6.35 மடங்கு வருகிறது.

9 அங்குலச் சுவர் 230 மில்லிமீட்டர். 6.35 மடங்கு என்றால் 1460. மண்ணுக்குள் போகும் 150-ஐக் கழித்தால் தரைக்கு மேல் 1310 மில்லிமீட்டர், அதாவது 4 அடி 3 அங்குலம். ஒன்பது அங்குலச் சுவருக்கே அவ்வளவுதான். பழைய நாலரை அங்குலச் சுவருக்கு இதே கணக்கைப் போட்டால் தரைக்கு மேல் இரண்டு அடிகூட வரவில்லை. அது 6 அடிக்கு நின்றது.

தூண் இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். தூணால் சுவருக்குக் கிடைக்கும் விறைப்புக்கும் விதியில் ஓர் அட்டவணை உண்டு. தூணின் அகலத்தைப் போல 15 மடங்கு தள்ளி அடுத்த தூண் இருந்தால், தூணின் கனம் சுவரைப் போல இரு மடங்காக இருந்தாலும், சுவரின் கனத்தை 1.1 மடங்காக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். 20 மடங்கு தள்ளிப் போனால் தூணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் பழைய சுவரில் 12 அடிக்கு ஒரு 9 அங்குலத் தூண். ஏறத்தாழ 16 மடங்கு. அழகுக்குத்தான் நின்றிருக்கிறது.

ஊருக்கு ஊர் இது மாறும். மதுரை, கோயம்புத்தூருக்கு அடிப்படை வேகம் 39. அங்கே இதே 9 அங்குலச் சுவர் 5 அடிக்குக் கொஞ்சம் மேலேகூடப் போகலாம். சென்னைக்கு 50, அங்கே 4 அடிக்குள் நிறுத்த வேண்டும். எல்லாம் திறந்த வெளிக்கான கணக்கு.

6 அடி மறைப்பு வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அதற்குச் சுவரைப் பதினாலு அங்குலமாக்க வேண்டும். செங்கல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். எலிப்பொறிக் கட்டு என்று செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையில் கல் மிச்சமாகும், ஆனால் சுவரின் எடையும் குறையும். காற்றை எதிர்த்துத் தனியாக நிற்கும் சுவருக்கு எடைதான் துணை, அதனால் வேண்டாம் என்று விட்டேன். வளைத்து வளைத்துக் கட்டினால் ஒற்றைக்கல் சுவரும் நிற்கும். எல்லைக்கோட்டில் அதற்கு இடமில்லை. கடைசியில் முடிவானது இது: செங்கல் 4 அடியோடு நிற்கும், அதற்கு மேல் 2 அடி கம்பி வலை. வலையில் காற்று புகுந்து போய்விடும்.

மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாரும் நாலரைதான் சார் கட்டுறாங்க. நீங்க ஒம்பது போட்டு அதையும் நாலடியில நிறுத்தச் சொல்றீங்க. காசும் கூட, சொவரும் குட்டை."

"விழுந்து கிடக்கிறதும் நாலரைதானேண்ணே" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. வேலை ஆரம்பித்ததும் அவர் காட்டிய அக்கறையைச் சொல்லியே ஆக வேண்டும். தூண் கோப்பில் நான் கேட்டதைவிடக் கூடுதலாகவே செய்தார்.

முதலில் செங்கல். வந்த முதல் லோடில் பத்துக் கல்லை எடுத்து நாலு நாள் வெயிலில் காயவைத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி எடை போட்டேன். ஆய்வுக்கூடத்தில் அடுப்பில் வைத்து உலர்த்துவார்கள். வீட்டில் வெயில் போதும், எண் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அவ்வளவே. 2.9 கிலோ கல் 3.65 கிலோ ஆனது. 26 சதவீதம் தண்ணீர் குடிக்கிறது. ஐ.எஸ். 1077 சாதாரணச் செங்கல்லுக்கு 20 சதவீதம் வரைதான் விடுகிறது. சூளைக்காரரிடம் எண்ணைக் காட்டி லோடைத் திருப்பிவிட்டேன். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என் தலையில் விழுந்தது. அடுத்து வேறு இடத்தில் சேம்பர் கல் (சேம்பர் சூளையில் சுட்ட செங்கல்), ஒன்று 11 ரூபாய். 3.05 கிலோ 3.55 ஆனது, 16 சதவீதம். அதில் ஐந்து கல்லை ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கொடுத்து நசுக்கிப் பார்த்ததில் சராசரி சதுர மில்லிமீட்டருக்கு 7.8 நியூட்டன்.

இந்த 7.8 எனக்கு நல்ல செய்திதான், ஆனால் மட்டான நல்ல செய்தி. தனியாக நிற்கும் சுவரில் கல் நசுங்கிப் போகிற பிரச்சினையே கிடையாது. காற்று தள்ளும்போது அடிவரியில், அதாவது அடிக் கல் அடுக்கில், கலவை பிரிவதுதான் ஆபத்து. அந்த இழுவிசைக்கு விதி அனுமதிப்பது மிகக் குறைவு. 1:6 கலவைக்கு (ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல்) சதுர மில்லிமீட்டருக்கு 0.05 நியூட்டன், அதுவும் கல் 7.5-க்குக் குறையாமல் இருந்தால். 1:5 கலவைக்கு 0.07, அதற்குக் கல் 10 இருக்க வேண்டும். என் கல் 7.8 என்பதால் கலவையை 1:5-ஆகப் போட்டாலும் கணக்கில் 0.05-ஐத் தாண்டவில்லை. சிமென்ட்டை அள்ளிப் போட்டால் சுவர் பலமாகும் என்பது கல் ஒத்துழைத்தால் மட்டுமே.

கல்லை நனைப்பது பற்றி மேஸ்திரியோடு வாக்குவாதம் வேண்டாம் என்று ஒரு சோதனை செய்தோம். இரண்டு காய்ந்த கல்லைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நடுவில் ஒரு அரை அங்குலத்துக்குக் குறைவாகக் கலவை. அதேபோல நனைத்த இரண்டு கல். ஏழு நாள் இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் காட்டினோம். காய்ந்த ஜோடியை மேஸ்திரி கையால் ஒரு திருகு திருகினார், பொத்தென்று பிரிந்தது. கலவை ஒரு கல்லோடு போய்விட்டது, மற்றக் கல்லில் தூசு மட்டும். நனைத்த ஜோடி கைக்கு அசையவில்லை. சுத்தியலால் தட்டியபோது பிரிந்தது, கலவையோடு கல்லின் தோலும் செதில் செதிலாக வந்தது. விழுந்த சுவரின் கல்லை அதன் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு தொட்டியில் குமிழி நிற்கும் வரை ஊறாத கல் எதையும் சித்தாள் கொடுத்தால்கூட அவர் வாங்கவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்தவுடனும் வைக்கக் கூடாது; மேலே பளபளப்பு போகிற வரை வடிய விட வேண்டும். இல்லாவிட்டால் கல் கலவையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியது இரண்டரை அடி ஆழம், இரண்டரை அடி அகலம். அடியில் களிமண் கலந்த இறுகிய மண் வந்தது. திமிசு போட்டு இடித்து, 6 அங்குலத்துக்கு 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், 40 எம்.எம். ஜல்லி. அதன்மேல் 18 அங்குல அகலத்தில் மூன்று வரி, அப்புறம் 14 அங்குலத்தில் மூன்று வரி. அங்கே தரைமட்டத்துக்கு 6 அங்குலம் கீழே வந்துவிடும். அங்கிருந்து 9 அங்குலச் சுவர் தொடங்குகிறது. விதி உயரத்தை எங்கிருந்து அளக்கச் சொல்கிறதோ அதே இடம்.

இங்கே ஒரு இடறல். ஈரம் ஏறாமல் இருக்கத் தார்த்தாள் சுருள் வாங்கிவைத்திருந்தேன், வீட்டுச் சுவருக்குப் போடுவது போல. சுற்றுச்சுவரில் அதைப் போட்டால் அடிவரியும் அடுத்த வரியும் ஒட்டவே ஒட்டாது. எந்த இடத்தில் இழுவிசையை நம்பி நிற்கிறோமோ அந்த இடத்திலேயே நாமே வெட்டிவிட்ட கதை. தாள் மொட்டை மாடி வேலைக்குப் போனது. அதற்குப் பதில் தரைக்கு மேல் இரண்டாம் வரியில் நீர்த்தடுப்புத் தூள் கலந்த 1:3 கலவைப் படுகை.

60 அடியை ஒரே சுவராக ஓட்டவில்லை. 20 அடிக்கு ஒரு பகுதியாக மூன்று. நடுவில் 10 மில்லிமீட்டர் இடைவெளி, தெர்மாகோல் பட்டை வைத்து. ஒவ்வொரு பகுதிக்கும் இரு முனையிலும் நடுவிலும் 14 அங்குலத் தூண். வெயிலில் நீளும்போது சுவர் தானாக ஓர் இடத்தில் வெடிப்பதைவிட நாம் காட்டுகிற இடத்தில் திறந்துகொள்வது நல்லது.

கட்டு முறை ஒரு வரி நெடுக்கம், ஒரு வரி குறுக்கம். மூலையில் முதல் குறுக்குக் கல்லுக்குப் பக்கத்தில் கல்லை நீளவாக்கில் பிளந்து ஒரு துண்டு. அது இல்லாவிட்டால் செங்குத்து ஜாயின்ட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிவிடும். உடைந்த அரைக்கல்லை நடுவில் திணிக்கும் பழக்கத்தைத் தடுக்க, அரைக்கல்லை எல்லாம் அடி அஸ்திவாரத்துக்கே அனுப்பிவிட்டோம். ஒரு ரீப்பர் கட்டையில் 80 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு ஆணியால் கீறிக்கொண்டேன். கல் 70, கலவை 10. ஒவ்வொரு மூலையிலும் கட்டையை நிறுத்தி வரியைச் சரிபார்த்தால் கலவை கனத்துப் போவது உடனே தெரிந்துவிடும். 60 அடிக்கும் டியூப் மட்டம். தூக்கு 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் உயரத்துக்கு 3-க்கும் குறைவு. மேஸ்திரி அதை எளிதாகவே எட்டினார். ஒரு நாளைக்கு 3 அடிக்கு மேல் ஏற்றவில்லை. தண்ணீர் ஊற்றிய கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் ஒரு மூட்டையைப் பாதி பாதியாகக் கலந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்து வைத்துவிட்டுப் போவது அடியோடு நின்றது.

வலையைத் தாங்கும் 50 எம்.எம். ஆங்கிள் கம்பிகளைச் சுவரின் தலையில் ஊன்றவில்லை. அப்படி ஊன்றினால் வலையில் விழும் காற்று மேல் வரிகளை நெம்பும். தூணின் நடுவில் குழி விட்டு, ஆங்கிளை அடிக் கான்கிரீட்டிலிருந்தே ஏற்றி, குழியை 20 எம்.எம். ஜல்லிக் கான்கிரீட்டால் நிரப்பினோம். ரெட் ஆக்சைடு இரண்டு கை. சுவரின் தலைக்கு மூடியாக இரண்டரை அங்குலக் கோப்பிங், இரு பக்கமும் ஒரு அங்குலம் நீட்டி, அடியில் நீர் சொட்டிப்போக ஒரு கோடு. பூச்சு இல்லை, கல் இடுக்குகளில் கலவை வைத்துத் தேய்க்கும் பாயின்டிங் மட்டும். ஏழு நாள் காலை மாலை சாக்கு போட்டுத் தண்ணீர்.

வலையில் முல்லைக்கொடி ஏற்றலாம் என்று மனைவி ஆசைப்பட்டார். கொடி அடர்ந்தால் வலை வலையாக இருக்காது, 6 அடிச் சுவராகிவிடும். பச்சை நிழல்வலை கட்டினாலும் இதேதான். சுவரிலிருந்து மூன்றடி தள்ளித் தனிப்பந்தல் போட்டு முல்லை அங்கே போயிற்று.

செலவு இப்படிப் போனது. செங்கல் 4,800, 52,800 ரூபாய். சிமென்ட் 27 மூட்டை, 10,800. எம்-சாண்ட் 150 கன அடி, 9,000. ஜல்லி 3,600. ஆங்கிள், வலை, வெல்டிங், பெயின்ட் 13,400. தோண்டுகூலியோடு சேர்த்து ஆள்கூலி 38,000. பழைய இடிபாடு அள்ள 5,000. மொத்தம் 1,32,600, அடிக்கு 2,210 ரூபாய். பழைய மாதிரியே நாலரை அங்குலத்தில் 6 அடிக்குக் கட்ட அடிக்கு 1,500 என்று சொன்னார்கள். 710 ரூபாய் கூடுதல். திருப்பி அனுப்பிய லோடின் வண்டிக்கூலி இதில் சேரவில்லை.

அடுத்து மேற்குப் பக்கம் இருக்கிறது. அதுவும் நாலரை அங்குலம், 6 அடி. தை பிறந்ததும் இடிக்கப் போகிறோம். அதில் சிலவற்றை மாற்றுவேன். செங்கல் லோடு வருவதற்கு முன்பே சூளையில் போய்ப் பத்துக் கல் எடுத்து வந்து எடை போட்டுவிட வேண்டும். ஆங்கிளைத் தூணுக்குள் புதைத்தால் துருப்பிடித்தால் மாற்ற வழியில்லை. மேற்கில் தூணுக்கு உள்பக்கம் தனிக் கான்கிரீட் குழியில் ஊன்றி, தூணோடு இரும்புப் பட்டி போட்டுப் பிடிக்கலாம் என்று இருக்கிறேன். வடக்குச் சுவரில் தரைமட்டத்தில் நீர் போக 10 அடிக்கு ஒரு துளை விட்டது போதவில்லை, நல்ல மழையில் உள்பக்கம் கணுக்கால் அளவு நின்றது. மேற்கில் 5 அடிக்கு ஒன்று. முக்கியமாக, பாதைக்குப் புதுச் சாலை போடும்போதெல்லாம் வெளிப்பக்க மண் ஏறிக்கொண்டே வருகிறது. ஒரு பக்கம் மண் ஏறினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அது மண்ணைத் தாங்கும் சுவராகிவிடும், அதற்குக் கனமே வேறு. அதனால் இப்போதைய தரைமட்டத்தில் நடுத்தூணின் வெளிப்பக்கம் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு மறைந்தால் மண்ணை அள்ள வேண்டும்.